இலை ஒன்றுபோல, குலம் வேறு

பூவரசு இல்லாத வாய்க்கால் கரையை எங்கள் பக்கத்தில் தேடித்தான் பார்க்க வேண்டும். நாகூரை விட்டு வடக்கே வந்தால் வாஞ்சூர். அங்கிருந்து காரைக்கால் தொடங்குகிறது. கடலை ஒட்டிய பகுதி கீழவாஞ்சூர், திருமலைராயன்பட்டினத்தைச் சேர்ந்தது. தமிழ்நாடு எங்கே முடிகிறது, புதுச்சேரி எங்கே ஆரம்பிக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் கடைப் பலகைகளைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்கள். வாய்க்கால் கரையில் நின்று பார்த்தால் எந்த வித்தியாசமும் கிடையாது. இரண்டு பக்கத்திலும் ஒரே வேலி, பூவரசம் போத்து.

போத்து என்றால் கை கனத்துக்கு வெட்டிய கிளை. ஐப்பசி அடைமழைக்கு முன்னால் வெட்டி, அடியைச் சாய்வாகச் சீவி, கடப்பாரையால் குழி போட்டு இறக்கி மிதித்துவிட்டால் போதும். கார்த்திகையில் கணுவெல்லாம் துளிர் தெரியும். யாழ்ப்பாணத்துக்காரர்கள் இதையே கதியால் என்பார்கள். கிளுவங் கதியாலும் பூவரசங் கதியாலும் நட்ட வேலிகளைப் பற்றி அங்கிருந்து வந்த எவர் பேசினாலும் எனக்கு எங்கள் ஊர் வேலிதான் மனத்தில் வரும்.

அப்பாயி காலத்தில் அந்த வேலிதான் பாதிக் குடும்பத்தைக் காப்பாற்றியது. ஆட்டுக்குத் தழை அதிலிருந்து. நாற்றங்காலில் மிதிக்கத் தழை அதிலிருந்து. கொழுக்கட்டை மாவை அப்பி மடித்து வேகவைக்க இலை அதிலிருந்து. மார்கழியில் வாசல் கோலத்தில் சாணிப் பிள்ளையார் பிடித்து வைத்தால், பூசணிப்பூ கிடைக்காத நாளில் தலையில் ஏறுவது பூவரசம்பூ. எங்களுக்கு இளம் இலையைச் சுருட்டி ஒரு முனையைப் பல்லால் நசுக்கினால் பீப்பி தயார். நாகூர் கந்தூரிக்குக் கொடி ஊர்வலம் வரும் நாளில் தெருவில் இருக்கிற சிறுசுகள் எல்லாம் ஆளுக்கொரு பீப்பியோடு நிற்கும். காய் பம்பரமாகும். அந்தக் காயைக் கீறினால் மஞ்சளாகப் பால் வரும். படைக்கும் சொறிக்கும் அதைத் தடவுவார்கள்.

இந்தப் பூவரசைப் பற்றி நான் யோசிக்க ஆரம்பித்தது பிரான்சிலிருந்து வந்த ஒரு புகைப்படத்தால். எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் பிரான்சில் ஆள் இருப்பது அதிசயமில்லை. 1739-லிருந்து 1954 நவம்பர் 1 வரை, இடையில் சில காலம் தவிர, காரைக்கால் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. 1962-ல் அதை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் சட்டமானபோது யார் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்கிறார்கள் என்று கேட்டார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாகப் போயிருந்த சித்தப்பா தேர்ந்துகொண்டார். அவர் அனுப்பியது கறுப்பு வெள்ளைப் படம். நேரான ஒரு கால்வாய், இரு கரையிலும் வானத்தைக் குத்துகிற மாதிரி ஒல்லியாக வளர்ந்த மரங்கள். படத்துக்குப் பின்னால் நீல மசியில், "அண்ணி, இங்கே கரையெல்லாம் இந்த மரம்தான். கீழே விழுந்த இலையை எடுத்துப் பார்த்தால் அசல் நம்ம பூவரசு" என்று எழுதியிருந்தார். அப்பாயி படத்தைத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "எல தெரியலடா தம்பி இதுல. பூ எப்படி இருக்கும்னு எழுதச் சொல்லு" என்றார்.

இன்றைக்கு நினைத்தாலும் சரியான கேள்வி அது. இலை ஒத்துப்போகிறது என்று எழுதினவர் பட்டாளத்துக்காரர். பூவைக் கேட்டவர் பள்ளிக்கூடம் போகாதவர்.

சித்தப்பா பார்த்தது பாப்லர். அதிலும் ஒல்லியாக மேலே ஓடுவது லொம்பார்டி பாப்லர் என்கிற வகை, கறுப்புப் பாப்லரின் ஒரு வடிவம். பிரான்சின் கால்வாய்க் கரைகளிலும் ஆற்றோரங்களிலும் வரிசை வரிசையாக நட்டிருக்கிறார்கள். ஓவியர் குளோத் மோனே 1891-ல் எப்த் ஆற்றங்கரையில் இந்த மரங்களைத்தான் திரும்பத் திரும்ப வரைந்தார். பாதி வேலையில் ஊரார் மரங்களை ஏலத்துக்கு விட்டார்கள். மோனே மர வியாபாரியோடு கூட்டுச் சேர்ந்து, தான் வரைந்து முடிக்கும்வரை வெட்டாமல் இருக்கப் பணம் கொடுத்தார். வாய்க்கால் கரை மரம் ஏலத்துக்குப் போவது எங்கள் பஞ்சாயத்தில் மட்டும் நடக்கிற விஷயமில்லை என்று தெரிந்தபோது எனக்கு அந்த ஓவியங்கள் மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது.

பாப்லரில் சுமார் முப்பது இனங்கள் சொல்கிறார்கள். ஏறக்குறைய எல்லாம் பூமியின் வடபாதிக்குச் சொந்தம். இலை பெரும்பாலும் முக்கோணமாகவோ இதய வடிவிலோ இருக்கும். காற்றே இல்லை என்று நாம் நினைக்கிற நேரத்திலும் சலசலத்துக்கொண்டிருக்கும். இதற்குக் காரணம் காம்பு. பல இனங்களில் காம்பு உருண்டையாக இருக்காது. பக்கவாட்டில் தட்டையாக, இலைப்பரப்புக்குக் குறுக்காக நிற்கும். ஆகவே சிறு காற்றுக்கும் இலை இங்கும் அங்கும் திரும்பும். மரத்தை அடையாளம் காண வேண்டுமென்றால் இலையின் வடிவத்துக்கு முன்னால் காம்பை விரலுக்கிடையில் உருட்டிப் பார்க்க வேண்டும். உருளாமல் புரண்டு விழுந்தால் ஆஸ்பென், கறுப்புப் பாப்லர், அமெரிக்கப் பருத்திமரம் இவற்றின் பக்கம். உருண்டால் வாசனைப் பிசின் வடியும் பால்சம் கூட்டத்தின் பக்கம். இலையின் அடிப்பக்கம் வெள்ளைப் பஞ்சாக இருந்தால் வெள்ளைப் பாப்லர். குளிர்காலத்தில் இலையே இல்லையென்றாலும் மொட்டைப் பார்க்கலாம்: பாப்லர் மொட்டின் மேல் பல செதில்கள் அடுக்கடுக்காக இருக்கும். அதன் தாயாதியான வில்லோவுக்கு ஒரே செதில்தான், தொப்பி மாட்டின மாதிரி.

பூவரசங்காம்பை உருட்டிப் பாருங்கள், உருளும். சலசலப்பும் கிடையாது. ஆனாலும் ஐரோப்பியத் தாவர அறிஞர்கள் கண்ணுக்கு முதலில் பட்டது சித்தப்பா கண்ணுக்குப் பட்டதுதான். 1753-ல் லின்னேயஸ் இதற்குப் பேர் வைத்தபோது செம்பருத்தி இனத்தில் சேர்த்து, பாப்லர் இலை கொண்ட செம்பருத்தி என்கிற பொருளில் எழுதினார். பூவைச் சரியாகப் பார்த்திருக்கிறார் என்று இதிலிருந்து தெரிகிறது. பின்னால் கேப்டன் குக்கின் கப்பலில் 1769-ல் தாஹித்தித் தீவுக்குப் போன டானியல் சொலாண்டர், அங்கே வழிபாட்டு இடங்களைச் சுற்றி இதே மரம் நிற்பதைக் கண்டு தெய்வ மரம் என்று பொருள்பட தெஸ்பீசியா என்று குறித்து வைத்தார். 1807-ல் அந்தப் பேர் அச்சேறியது. இன்றும் தெஸ்பீசியா பாப்புல்னியாதான். உப்புத்தண்ணீரில் மிதந்தே ஊர் ஊராகப் போகும் காய் என்பதால், தாஹித்தியிலும் வாஞ்சூரிலும் ஒரே மரம்.

லின்னேயஸின் மாணவர் ஒருவர் நமக்கு மிக அருகில் வாழ்ந்திருக்கிறார். காரைக்காலுக்கு வடக்கே தரங்கம்பாடியில், டேனிஷ்காரர்கள் கோட்டையில், 1768-ல் வந்து இறங்கிய யோஹன் கெர்ஹார்ட் கோனிக். மருத்துவராக வந்தவர், சோழமண்டலக் கரையின் செடிகொடிகளைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். அவருக்குப் பிறகு தாவர அறிஞர் வில்லியம் ராக்ஸ்பர்க். அவர்தான் பூவரசில் இரண்டு உண்டு என்று பார்த்து இரண்டாவதற்கும் பேர் கொடுத்தவர். அந்த இரண்டாவதைப் பற்றிப் பின்னால் வருகிறேன். முதலில் அப்பாயி கேட்ட பூ.

பாப்லருக்கு இதழுள்ள பூவே கிடையாது. இலை வருவதற்கு முன்பே குச்சிகளில் சரம் சரமாகத் தொங்கும். ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. மகரந்தம் காற்றோடு போகும். பெண் மரத்தில் காய் வெடித்தால் வெள்ளைப் பஞ்சு பறக்கும். காஷ்மீரில் மே மாதத்தில் தெருவெல்லாம் பறப்பது இந்தப் பஞ்சுதான். பூவரசுக்கு அந்த மாதிரி ஒளிவு மறைவு இல்லை. ஐந்து இதழ், வெளிர் மஞ்சள், ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சுருண்ட மணி. முழுக்க விரியாது. உள்ளே அடியில் அரக்கு நிறத்தில் ஒரு கறை. நடுவில் கேசரங்கள் ஒட்டிய ஒற்றைத் தூண், அதன் வழியாக மேலே வரும் சூலகத் தண்டு. காலையில் மஞ்சள், மறுநாளைக்குள் ஊதா கலந்த சிவப்பு, பிறகு கீழே. ஒரே மரத்தில் இரண்டு நிறப் பூ இருக்கிறதென்று குழந்தைகள் சொல்வதற்கு இதுதான் காரணம்.

அந்தத் தூண் ஒன்று போதும் குலத்தைச் சொல்ல. செம்பருத்தி, வெண்டை, பருத்தி எல்லாவற்றுக்கும் அதே தூண். பூவரசு அதிலும் பருத்திக்கு மிக நெருங்கின பங்காளி. பருத்திக்கொட்டையில் இருக்கிற கோசிபால் என்கிற பொருள் பூவரசம் பூவிலும் பட்டையிலும் இருக்கிறது. பருத்திக் காயைக் கெடுக்கிற சிவப்புப் பூச்சிகள் பூவரசு மரத்தடியில் கூட்டம் கூட்டமாக, வாலோடு வால் ஒட்டி ஊர்ந்துகொண்டிருப்பதைப் பார்க்காத டெல்டாப் பிள்ளை இருக்க முடியாது. மனிதர்கள் இலையைப் பார்த்துத் தடுமாறினார்கள். அந்தப் பூச்சிக்கு உறவுமுறை எப்போதும் தெரிந்திருக்கிறது.

எங்கள் தெரு ஆசாரிக்குப் பூவும் தேவையில்லை. அறுத்துப் போட்ட பலகையைத் தொட்டே சொல்வார். பூவரசுக்கு வெளியே வெளுத்த மரம், உள்ளே வைரம் கருஞ்சிவப்பு. தண்ணீரில் கிடந்தாலும் லேசில் மக்காது, கறையான் எளிதில் தொடாது. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு ஆரக்கால் அதில்தான் கடைவார். படகு வேலைக்கும் நாகூர்ப் பக்கத்திலிருந்து தேடி வருவார்கள். பெரிய பூவரசு ஒன்றை அறுத்தால் பட்டறையில் ஒரு வாரத்துக்கு வாசனை நிற்கும்.

பாப்லர் மரத்துக்குத் தொழில் வேறு. ஒரு தடவை வடக்கே ரயிலில் போகும்போது யமுனாநகர் பக்கம் கோதுமை வயலுக்கு நடுவே நூல் பிடித்த மாதிரி நட்ட மரங்கள் மைல் கணக்கில் வந்துகொண்டே இருந்தன. இலை மட்டும் கண்ணுக்குப் பழக்கமாக இருந்தது. பக்கத்தில் இருந்த சர்தார்ஜி, "பாப்ளர், பிளைவுட்" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார். அமெரிக்காவிலிருந்து 1950-களில் கொண்டுவந்த பாப்புலஸ் டெல்டாய்டஸ் அது. விம்கோ தீப்பெட்டிக் கம்பெனி தீக்குச்சிக்காக விவசாயிகளிடம் கன்று கொடுத்துப் பரப்பியது. பிறகு பிளைவுட் ஆலைகள் வாங்க ஆரம்பித்தன. மரம் வெளுப்பு, மெத்து, சீக்கிரம் பருக்கும். குளிரில் இலையை முழுக்க உதிர்த்துவிடுவதால் கோதுமைக்கு வெயில் தடைப்படாது. அந்தக் குளிர் இல்லாத நம் பக்கத்தில் அது சரிப்படாது. ஏறத்தாழ 28 பாகை அட்சரேகைக்கு வடக்கேதான் நடுகிறார்கள். சிவகாசித் தீக்குச்சிக்குப் பெருமரமும் மட்டியும் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தியாவுக்கே சொந்தமான பாப்லர்களும் உண்டு. இமயமலை முழுக்க பாப்புலஸ் சிலியேட்டா. இலை விளிம்பில் மெல்லிய மயிர் வரிசை அதன் அடையாளம். லடாக்கில் பாப்புலஸ் யூப்ராட்டிகா. இந்த இரண்டாவது மரம் அடையாளம் காணப் போகிறவர்களுக்குப் பெரிய பாடம். இளங்கிளையில் இலை அரளி இலை மாதிரி ஒல்லியாக நீண்டிருக்கும். முதிர்ந்த கிளையில் அகன்று பல்லோடு இருக்கும். ஒரே மரம்தான். இலை ஒன்றை மட்டும் பறித்து வந்து இனம் சொல்கிறேன் என்கிறவரை இந்த மரத்தடியில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

இலையால் வருகிற தடுமாற்றம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. அரச மரத்தையும் பூவரசையும் தூரத்தில் பார்த்துக் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. இலையைக் கிள்ளினால் தீர்ந்தது. அரசில் வெள்ளைப் பால் வரும், அது ஆல், அத்தி வம்சம். இலை நுனியும் நீண்ட வாலாக இழுபட்டிருக்கும். பூவரசின் இலையைக் கிள்ளினால் பால் இல்லை. அடிப்பக்கம் நடுநரம்பு தொடங்குகிற இடத்தில் சின்னதாகத் தேன்சுரப்பி இருக்கும். அதனால்தான் எறும்பு எந்நேரமும் மேயும்.

கடினமான சோதனை நீர்ப்பருத்திதான். உப்பங்கழி ஓரத்திலும் ஆறு கடலில் சேர்கிற இடத்திலும் சேற்றில் காலை வைத்துப் புதராக நிற்கும். மஞ்சள் பூ, நடுவில் அரக்குக் கறை, மாலையில் நிறம் சிவந்து உதிரும். பூவரசுதான் என்று சத்தியம் செய்யத் தோன்றும். முதலில் இலையைத் திருப்புங்கள். நீர்ப்பருத்தியின் அடிப்பக்கம் சாம்பல் வெள்ளையில் மெத்தென்ற மயிர்ப் படலம். பூவரசில் வழவழப்பு, உற்றுப் பார்த்தால் பொடிச் செதில்கள் தெரியும், அவ்வளவுதான். அடுத்து பூவின் காம்புப் பக்கம். பூவரசின் புல்லி விளிம்பில் பல்லே இல்லாத சின்னக் கிண்ணம். நீர்ப்பருத்தியில் ஐந்து மடலாகப் பிளந்த புல்லி, அதற்கு வெளியே பற்கள் கொண்ட இன்னொரு கிண்ணம். பூவுக்குள் சூலகத் தண்டின் உச்சியைப் பாருங்கள்: நீர்ப்பருத்தியில் ஐந்து கருஞ்சிவப்புக் குமிழ்கள் பிரிந்து நிற்கும், பூவரசில் பிரியாமல் ஒற்றைக் கதையாகத் தடித்து முடியும். பூ இல்லாத காலத்தில் காய் சொல்லும். நீர்ப்பருத்திக் காய் மயிரோடு ஐந்தாக வெடிக்கும். பூவரசங்காய் காய்ந்து கறுத்தாலும் வாயைத் திறக்காது. காயும் இல்லையென்றால் குச்சியைப் பாருங்கள், நீர்ப்பருத்தியில் இலையடிச் செதில் உதிர்ந்த இடம் வளையமாகத் தழும்பு விட்டிருக்கும். மீனவர் வீடுகளில் அதன் பட்டையை உரித்துக் கயிறு திரிப்பார்கள். பூவரசம் பட்டையைவிட அது பலம்.

இப்போது அந்த இரண்டாவது பூவரசு. ராக்ஸ்பர்க் சொல்லிவிட்டுப் போனதைப் பலரும் மறந்து இரண்டையும் ஒன்றாகவே எழுதிவந்தார்கள். 1972-ல் ஃபோஸ்பெர்க், மரி எலேன் சஷே என்ற இரண்டு அறிஞர்கள் ஸ்மித்சோனியன் நிறுவனத்து வெளியீட்டில் இதைப் பிரித்து எழுதினார்கள். நாம் வேலியில் நடுகிற பூவரசுக்கு இலையடி ஆழமான இதய வெட்டு, பூக்காம்பு குட்டையாகத் தடித்து நிமிர்ந்திருக்கும், காய் வெடிக்காது. தெஸ்பீசியா பாப்புல்னியாய்டஸ் என்கிற மற்றதில் இலையடி ஏறக்குறைய நேர்கோடு அல்லது மேலோட்டமான வளைவு. தளிரில் செம்பு நிறப் பொடி. பூவும் காயும் நீளக் காம்பில் தலைகீழாகத் தொங்கும். காயின் வெளித்தோல் மட்டும் பிளக்கும். அந்த விவரத்தைப் படித்த பிறகு எந்தப் பூவரசைப் பார்த்தாலும் என் கண் முதலில் காம்புக்குத்தான் போகிறது. வீட்டில் இருக்கிறவர்கள் பஸ் நிறுத்தத்தில் என்னை விட்டுவிட்டு முன்னால் நடந்துவிடுவார்கள்.

அப்படியானால் சித்தப்பா பார்த்த மரத்துக்கு நம் மண்ணில் சொந்தமே இல்லையா? இருக்கிறது. முதல் சொந்தம் ஆற்றுப்பாலை, சேலிக்ஸ் டெட்ராஸ்பெர்மா. வில்லோக்களில் வெப்ப நாட்டுக்கு இறங்கி வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓடைக்கரைகளில் நிற்கும். இலை நீண்டு ஒல்லியாக, கீழே வெளுத்து இருக்கும். ஆண், பெண் தனித்தனி; சரம் சரமாகப் பூ; விதையில் பஞ்சு. பாப்லரின் குணமெல்லாம் இருக்கிறது, இலை மட்டும்தான் துளியும் ஒக்காது.

இரண்டாவது சொந்தம் கடலோரத்துப் புதரிலேயே இருக்கிறது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. சொத்தைக்களா. கோயில் காடுகளிலும் கோரமண்டல் கரையின் வறண்ட பசுமைமாறாக் காடுகளிலும் முள்ளோடு நிற்கிற குட்டை மரம். செங்கறுப்பாக, புளிப்பும் இனிப்புமான பழம். நாக்கு சிவக்கத் தின்னாத கிராமத்துப் பிள்ளைகள் குறைவு. சிங்களத்தில் உகுரஸ்ஸ என்பார்கள். இதையும் இதன் கூட்டத்தையும் நெடுங்காலம் தனிக் குடும்பமாக வைத்திருந்தார்கள். மரபணு ஆராய்ச்சி வந்தபின், 2002 வாக்கில் அந்தக் குடும்பத்தைக் கலைத்து, இவற்றை வில்லோ குடும்பத்தில் சேர்த்தார்கள். இப்போது வில்லோ குடும்பத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள். மரபணுவுக்கு முன்பே கண்ணுக்குத் தெரிகிற சாட்சி ஒன்றும் உண்டு. இந்தக் கூட்டத்தில் பலவற்றின் இலை விளிம்புப் பல்லில் நரம்பு ஒன்று வந்து முடியும். அந்த நுனியில் ஒரு சின்னச் சுரப்பி உட்கார்ந்திருக்கும். வில்லோவிலும் பாப்லரிலும் அதே பல். கைக்கண்ணாடி ஒன்று இருந்தால் வேலியோரத்திலேயே பார்த்துவிடலாம்.

எங்கிருந்தோ எங்கோ வந்துவிட்டேன். மரத்தை அடையாளம் காண்பது வெறும் படிப்பு என்று நான் நினைக்கவில்லை. 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை எங்கள் கரையில் ஏறியபோது உப்புத்தண்ணீர் கொல்லைகளில் தேங்கி நின்றது. முருங்கையும் வாழையும் கருகின. பூவரசு இலையைக் கொட்டிவிட்டு நின்றது, பிறகு அடிமரத்திலிருந்தே துளிர்த்தது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது நாகை மாவட்டத்தில் தென்னை சாய்ந்தது. கிளை முறிந்த பூவரசுகளிலிருந்து ஆட்கள் போத்து வெட்டிக்கொண்டு போய் வேறு இடத்தில் நட்டதைப் பார்த்தேன். உப்பைத் தாங்குவது எது, சேற்றில் நிற்பது எது, கரையைப் பிடிப்பது எது என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்த நேரத்தில் எதை நடுவது என்பதும் தெரியும். நீர்ப்பருத்திக்கு முகத்துவாரச் சேறு, பூவரசுக்கு வாய்க்கால் மேடு. இடம் மாற்றி வைத்தால் ஆள் செலவுதான் மிச்சம்.

கீழவாஞ்சூர்க் கடற்கரையில் 2009-லிருந்து துறைமுகம் இயங்குகிறது. சாலை அகன்றிருக்கிறது. கம்பி வேலியும் காங்கிரீட் தூணும் வந்தபிறகு போத்து ஊன்றுகிற ஆட்கள் குறைந்துவிட்டார்கள். மாட்டுவண்டி போனதால் ஆரக்காலுக்கு மரம் கேட்பவரும் இல்லை. புதிதாக மரம் வைக்கிறவர்கள் நர்சரிக்குப் போய், பூ இல்லாமல் நிழல் மட்டும் தருகிற வெளிநாட்டுக் கன்றுகளாக வாங்கி வருகிறார்கள். இரும்புக் கூண்டு, தண்ணீர் லாரி, பராமரிப்பு என்று அதற்கு ஆகிற செலவில் ஒரு வாய்க்கால் கரை முழுவதும் பூவரசு ஊன்றிவிடலாம்.

காரைக்கால், நாகை, மயிலாடுதுறைப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளை வாய்க்கால் கரைக்கு அழைத்துப் போய் இலையைத் திருப்பச் சொல்லுங்கள், புல்லிக் கிண்ணத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பூக்காம்பு நிமிர்ந்திருக்கிறதா தொங்குகிறதா என்று குறித்து வரச் சொல்லுங்கள். எங்காவது தொங்குகிற காம்பு கண்ணில் பட்டால் பூ, காய், இலை மூன்றோடும் ஒரு கிளையை நாளிதழ்த் தாளுக்கிடையில் அழுத்திக் காயவைத்து, திருச்சி புனித வளனார் கல்லூரி ராபினட் ஹெர்பேரியத்திலோ புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்து ஹெர்பேரியத்திலோ காட்டுங்கள். வீட்டில் கொல்லைப்புறம் உள்ளவர்கள் இந்த ஐப்பசிக்கு ஒரு போத்து ஊன்றுங்கள்.